இலையை அப்படியே சாப்பிட்டால் போதாதா?

கேள்வி இதுதான்: "இன்றைய மருந்துகளில் ஏராளமானவை செடிகொடிகளிலிருந்தும் பூஞ்சைகளிலிருந்தும் வந்தவை என்கிறார்கள். அப்படியானால் மாத்திரைக்குப் பதிலாக அந்த இலையையோ பட்டையையோ காளானையோ நேரடியாகவே சாப்பிடலாமே? இயற்கைப் பொருள் என்பதால் பக்கவிளைவும் இருக்காதல்லவா?"

முதல் பாதியில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கடும் வலிக்கு மார்ஃபின், மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின், இதயத்துக்கு டிகாக்சின், ரத்தப் புற்றுநோய்க்கு வின்கிறிஸ்டின் எல்லாம் செடிகள் தந்தவை. பெனிசிலினும், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டினும் பூஞ்சைகள் தந்தவை. சிக்கல் இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது. சில பொருள்களை அப்படியே சாப்பிடலாம், நன்றாகவே வேலை செய்யும். சிலவற்றைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. இன்னும் சிலவற்றைச் சாப்பிட்டவர் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இதயம் நின்றுவிடலாம். எது எந்த ரகம் என்பது 'இயற்கை' என்ற முத்திரையைப் பார்த்தால் தெரியாது.

முதலில், செடி எதற்காக இந்த வேதிப்பொருள்களைத் தயாரிக்கிறது என்று பார்த்துவிடலாம். நமக்காக இல்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சியிடமிருந்தோ மாட்டிடமிருந்தோ செடியால் ஓட முடியாது. அதனால் கடிப்பவரின் உடலைக் குலைக்கும் பொருள்களை இலையிலும் விதையிலும் சேர்த்து வைக்கிறது. புகையிலையின் நிகோடின் பூச்சிகளின் நரம்பைத் தாக்குகிறது. மிளகாயின் கேப்சைசின் பாலூட்டிகளின் வாயை எரிய வைக்கும். விதையைத் தூரத்துக்குக் கொண்டுபோய்ப் போடும் பறவைகளுக்கு அந்த எரிச்சலே தெரியாது. நம் நரம்பும் இதயமும் குடலும் மற்ற விலங்குகளுடையதைப் போன்ற அடிப்படைப் பொறிகளில்தான் ஓடுகின்றன. ஆகவே அவற்றைக் குலைக்கும் பொருள் நம்மையும் தொடும். அந்தத் தாக்குதலை மிகச் சரியான சிறு அளவில், சரியான இடத்தில் பயன்படுத்தினால் அதற்கு மருந்து என்று பெயர். கேப்சைசின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வெப்பத்தை உணரும் டிஆர்பிவி1 என்ற நரம்பு ஏற்பியை அது தூண்டுகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இப்போது 8 சதவீதக் கேப்சைசின் பட்டைகளை நரம்பு வலிக்குத் தோலில் ஒட்டுகிறார்கள். எரிக்கும் அதே பொருள் அந்த நரம்பு முனைகளைக் கொஞ்ச காலம் செயலிழக்கச் செய்து வலியைக் குறைக்கிறது.

அளவு என்று சொன்னேன். எல்லாம் அதில்தான் இருக்கிறது. இதைப் புரிய வைக்க ஃபாக்ஸ்குளோவ் என்ற டிஜிட்டாலிஸ் செடியின் கதையைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து வேறில்லை.

இங்கிலாந்தில் 1775-ல் வில்லியம் விதரிங் என்ற மருத்துவரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கேட்டார்கள். ஒரு மூதாட்டி ரகசியமாக வைத்திருந்த மருந்து அது. உடம்பில் நீர் கோத்து வீங்கியவர்களுக்குக் கொடுத்து வந்தார். மற்ற மருத்துவர்கள் கைவிட்ட சிலர்கூடத் தேறினார்கள். அதில் இருபதோ அதற்கு மேலோ மூலிகைகள் இருந்தன. அவற்றில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவ்தான் என்று விதரிங் கணித்தார். இந்தக் கணிப்புக்காகத்தான் அவரைப் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். நான் அவரைப் பெரிதாக மதிப்பது அடுத்த பத்து ஆண்டுகளில் அவர் செய்த வேலைக்காக. கஷாயமாகக் கொடுத்தால் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் வீரியம் மாறுகிறது என்று கண்டார். வேரின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறியது. அதனால் பூக்கும் பருவத்தில் பறித்த இலையை மட்டும் எடுத்து, உலர்த்திப் பொடித்து, எடைபோட்டுக் கொடுத்தார். வாந்தியோ பேதியோ வந்தால், நாடி தளர்ந்தால், சிறுநீர் பெருகத் தொடங்கினால் உடனே நிறுத்த வேண்டும் என்று விதி வைத்தார். பார்க்கும் பொருளெல்லாம் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரிவதையும் நஞ்சேறியதன் அறிகுறியாகக் குறித்தார். 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களை, தேறாதவர்களையும் மறைக்காமல், 1785-ல் நூலாக வெளியிட்டார்.

அந்த இலையிலிருக்கும் கிளைக்கோசைடுகள் என்ற வேதிப்பொருள்கள் இதயத் தசையணுக்களின் சோடியம் பொட்டாசியம் பம்பைத் தடுக்கின்றன. அணுவுக்குள் கால்சியம் கூடுகிறது, துடிப்பு வலுக்கிறது. சற்றே அதிகமானால் துடிப்பின் ஒழுங்கு குலைந்து உயிரே போகும். 1930-ல் டிஜிட்டாலிஸ் லனாட்டா என்ற உறவுச் செடியிலிருந்து டிகாக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. இன்றும் செடியிலிருந்துதான் எடுக்கிறார்கள். இதயம் தளர்ந்தவரின் ரத்தத்தில் அது ஒரு மில்லிலிட்டருக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம்வரை இருந்தால் நல்லது. 2-ஐத் தாண்டினால் ஆபத்து. நானோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்குள் நிற்கும்படி இலையைக் கையால் கிள்ளிப் போட யாராலும் முடியாது. இரண்டு இலைகளில் ஒரே அளவு மருந்து இருக்கும் என்பதற்கே உத்தரவாதம் கிடையாது. அரளியிலும் மஞ்சள் அரளியிலும் இதே குடும்பத்து நஞ்சுதான் இருக்கிறது. அதனால்தான் டிகாக்சின் நஞ்சுக்குக் கொடுக்கும் எதிர்ப்புரத மருந்து மஞ்சள் அரளி தின்றவர்களையும் காப்பாற்றுகிறது.

சரி, "நான் வீரியமான நஞ்சுச் செடிகளைக் கேட்கவில்லை, சாதாரண மூலிகைகளைத்தான் கேட்கிறேன்" என்று நீங்கள் சொல்லலாம். அங்கேயும் ஒரே பெயரில் வருவது ஒரே பொருளாக இருப்பதில்லை. எந்த இனம், எந்தப் பகுதி, எப்போது பறித்தது, எப்படிப் பதப்படுத்தியது என்ற நான்கும் மருந்தின் அளவைத் தலைகீழாக மாற்றும்.

பகுதியை முதலில் எடுத்துக்கொள்வோம். கசகசாவும் அபினும் ஒரே செடியில் விளைகின்றன. விதையில் மார்ஃபின் இருப்பதாகவே கணக்கில் எடுக்க முடியாது. பச்சைக் காயைக் கீறினால் வடியும் பாலில்தான் அது சேர்ந்திருக்கிறது. ஆமணக்கெண்ணெய் பேதி மருந்து. அதே ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய புரத நஞ்சு உண்டு. அந்தப் புரதம் எண்ணெயில் கரையாது என்பதால் எண்ணெய் தப்பிக்கிறது, பிண்ணாக்கில் நஞ்சு தங்கிவிடுகிறது.

இனத்துக்கு எடுத்துக்காட்டு சின்கோனா. அதன் பட்டை காய்ச்சலுக்கு நல்லது என்று நெடுங்காலமாகத் தெரியும். பெல்லெட்டியே, காவெந்தூ என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1820-ல் அதிலிருந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்தார்கள். அதன் பிறகுதான் பட்டைக்குப் பட்டை எவ்வளவு வித்தியாசம் என்று அளந்து பார்க்கவே வழி பிறந்தது. சில இனங்களில் குயினைன் பெயருக்குத்தான் இருந்தது. 1865-ல் பொலிவியாவிலிருந்து மானுவேல் இன்க்ரா மமானி தேர்ந்து சேகரித்த விதைகளை சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகர் வெளியே அனுப்பினார். டச்சுக்காரர்கள் வாங்கி ஜாவாவில் பயிரிட்டார்கள். குயினைன் மிகுந்த அந்த மரங்களால்தான் உலகச் சந்தையே அவர்கள் கைக்குப் போனது. மமானி கடைசியில் அதற்காகவே சிறையில் அடிபட்டு இறந்தார் என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

பதப்படுத்தும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆர்ட்டிமிசினின். 1967-ல் சீனா மலேரியா மருந்து தேடி ஒரு ரகசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்ந்த தூ யூயூ பழைய ஏடுகளைப் புரட்டி நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளைச் சோதித்தார். ஆர்ட்டிமிசியா சாறு ஒரு தடவை வேலை செய்தது, மறுதடவை ஏமாற்றியது. நான்காம் நூற்றாண்டின் கே ஹோங் எழுதிய கையேட்டில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததை அவர் மறுபடி படித்தார். காய்ச்சச் சொல்லவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. கொதிக்க வைப்பதே மருந்தை அழிக்கிறதோ என்று சந்தேகப்பட்டு, குறைந்த சூட்டில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு 1971-ல் சாறெடுத்தார். எலிகளில் ஒட்டுண்ணி முழுவதும் ஒழிந்தது. மனிதர்களுக்குக் கொடுக்குமுன் அவரும் சக ஊழியர்களும் தாங்களே குடித்துப் பார்த்தார்கள். 2015-ல் நோபல் பரிசு. அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் பாலம்போல் இணைந்திருக்கின்றன. ரத்தத்தைத் தின்னும் ஒட்டுண்ணிக்குள் இருக்கும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கும்போது வெளிப்படும் துணுக்குகள் ஒட்டுண்ணியைக் கொல்கின்றன.

இவ்வளவு தெரிந்த பிறகும் ஆர்ட்டிமிசியா தேநீர் குடித்தால் மலேரியா போய்விடும் என்று பரப்புகிறவர்கள் உண்டு. உலக சுகாதார நிறுவனம் அதை ஏற்கவில்லை. ஆர்ட்டிமிசினின் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒவ்வொரு கோப்பையிலும் அளவு வேறு. போதாத அளவு உள்ளே போனால் காய்ச்சல் தணிவதுபோல் தணிந்து திரும்பி வரும். பிழைத்த ஒட்டுண்ணிகள் மருந்துக்கு எதிர்ப்பும் பழகிக்கொள்ளும். அப்போது உண்மையான மாத்திரையும் பயனற்றுப் போகலாம்.

இன்னொரு வகை, செடி பாதி வேலையைத்தான் செய்து தருகிறது, மீதியை வேதியியலாளர் முடிக்கிறார். வில்லோ மரப்பட்டை அப்படி. எட்வர்ட் ஸ்டோன் என்ற பாதிரியார் 1763-ல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்: பட்டைப் பொடியைக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தேன், கேட்கிறது என்று. அதிலுள்ள சாலிசினிலிருந்து கிடைக்கும் சாலிசிலிக் அமிலம் வலியையும் காய்ச்சலையும் குறைத்தது, கூடவே வயிற்றையும் பதம் பார்த்தது. 1897-ல் பேயர் நிறுவனத்தில் அதனோடு ஓர் அசிட்டைல் தொகுதியைச் சேர்த்து ஆஸ்பிரின் செய்தார்கள். இந்தச் சின்ன ஒட்டு ஒரு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. ஆஸ்பிரின் தன் அசிட்டைலை ரத்தத் தட்டணுக்களின் நொதியில் ஒட்டி அதை நிரந்தரமாக முடக்குகிறது. தட்டணுவுக்கு உட்கரு இல்லாததால் புது நொதியைச் செய்துகொள்ள முடியாது. அது வாழும் வாரம் பத்து நாள் முழுக்க உறையும் திறன் குறைந்தே இருக்கும். மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினமும் சிறு ஆஸ்பிரின் கொடுப்பது இதற்காகத்தான். வில்லோ பட்டையில் அந்த அசிட்டைல் இல்லை. முதுகுவலிக்குப் பட்டைச்சாறு கொஞ்சம் உதவலாம். இதய ஆஸ்பிரினை நிறுத்திவிட்டு அதைக் குடிப்பது பாதுகாப்பைக் கழற்றி வைப்பதற்குச் சமம்.

சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மினும் இப்படித்தான்: கலேகா என்ற செடியின் நச்சுப் பொருள்களைப் பார்த்து, அவற்றைச் சாதுவாக்கி மனிதர் செய்த மருந்து அது.

அப்புறம் பூஞ்சைகள். இவற்றைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பெனிசிலினில் தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1928-ல் ஃப்ளெமிங் தன் தட்டில் விழுந்த பூசணத்தைக் கவனித்தது உண்மைதான். ஆனால் அவரிடம் இருந்தது மருந்தாகவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் ஃப்ளோரி, செயின், ஹீட்லி ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து 1941-ல் ஒரு போலீஸ்காரருக்குப் போட்டபோது அவர் தேறத் தொடங்கினார். மருந்து தீர்ந்தது. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினை மீட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், போதவில்லை, இறந்துபோனார். அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில், அழுகிய முலாம்பழம் ஒன்றில் கிடைத்த பெனிசிலியம் அதிகம் சுரந்ததால்தான் பிறகு உற்பத்தி பெருகியது. பூசணம் பிடித்த ரொட்டியைப் புண்ணில் வைத்தால் போதும் என்பவர்களுக்கு இதுவே பதில். அந்த ரொட்டியில் பெனிசிலின் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தானியங்களிலும் கடலையிலும் வளரும் வேறொரு பூஞ்சை கல்லீரல் புற்றுநோயை வரவழைக்கும் அஃப்லடாக்சினைத் தருகிறது. கண்ணுக்கு இரண்டும் பூசணம்தான்.

பெனிசிலினைவிட எனக்குப் பிடித்தது ஸ்டாட்டின் கண்டுபிடிப்பு, ஏனென்றால் அது தற்செயல் இல்லை. ஜப்பானில் அகிரா எண்டோ இப்படி யோசித்தார்: பூஞ்சைகள் ஒன்றையொன்று எதிர்த்து வாழ்கின்றன, எதிரியின் அணுச்சவ்வுக்கு வேண்டிய ஸ்டீராலைத் தயாரிக்க விடாமல் தடுக்கும் பொருளை ஏதாவது ஒரு பூஞ்சை செய்துகொண்டிருக்க வேண்டும், அது நம் உடலில் கொலஸ்ட்ரால் தயாரிப்பையும் தடுக்கும். 1971-ல் தொடங்கி ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சை வகைகளைச் சோதித்தார். அரிசியில் வளர்ந்த ஒரு பெனிசிலியம் சிட்ரினத்தில் கிடைத்தது காம்பாக்டின். அது சந்தைக்கு வரவில்லை. அஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் தந்த லோவாஸ்டாட்டின் 1987-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு நேரடியான ஓர் எடுத்துக்காட்டு கிடைக்கிறது. சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஒன்று விற்கிறார்கள். மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை அரிசியில் வளர்த்துச் செய்வது. அதிலிருக்கும் மொனாக்கோலின் கே என்பது லோவாஸ்டாட்டினேதான். அணுவுக்கு அணு ஒரே மூலக்கூறு. ஸ்டாட்டின் மாத்திரையால் தசை வலிக்கிறது என்று நிறுத்திவிட்டு, "இது இயற்கை" என்று இதற்கு மாறுகிறவர்கள் அதே மருந்தைத்தான் அளவு தெரியாமல் விழுங்குகிறார்கள். ஒரு புட்டியில் வேண்டிய அளவு இருக்கும், இன்னொன்றில் ஒன்றுமே இருக்காது. சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் கலந்திருக்கும். 2024-ல் ஜப்பானில் சிவப்பு ஈஸ்ட் அரிசி மாத்திரை சாப்பிட்ட பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, சரக்கையே திரும்பப் பெற நேர்ந்தது. தயாரிப்பில் வேறொரு பூஞ்சை புகுந்து உண்டாக்கிய நச்சுப்பொருள் அதில் இருந்தது தெரியவந்தது.

உறுப்பு மாற்று அறுவை இன்று சாத்தியமாகியிருப்பதிலும் ஒரு மண் பூஞ்சைக்குப் பெரும் பங்குண்டு. நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா பீடபூமியில் 1969-ல் எடுத்த மண்ணிலிருந்து வந்த அந்தப் பூஞ்சை சைக்ளோஸ்போரினைத் தந்தது. மாற்றிவைத்த சிறுநீரகத்தையும் இதயத்தையும் உடல் நிராகரிக்காமல் அது தடுக்கிறது. எர்காட் பூஞ்சை வேறு கதை. கோதுமைக்கு உறவான ரை என்ற தானியத்தின் கதிரில் வளரும் அது கலந்த மாவைத் தின்றவர்களுக்குக் கைகால் கருகி விழுந்தது. ரத்தக்குழாயையும் கருப்பையையும் இறுக்குகிற அதே தன்மையைப் பிரசவத்தை விரைவுபடுத்தப் பயன்படுத்தினார்கள், குழந்தைகள் இறந்தன. பிரசவம் முடிந்த பிறகு ரத்தப்போக்கை நிறுத்த மட்டும் கொடுங்கள் என்று 1820-களில் நியூயார்க்கில் டேவிட் ஹோசக் என்ற மருத்துவர் எச்சரித்தார். 1935-ல் எர்காட்டிலிருந்து எர்கோமெட்ரின் என்ற மருந்துப்பொருள் தனியாகப் பிரிக்கப்பட்டது. இன்று அதை அந்த ஒரு தருணத்துக்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

குடைக்காளான்களைப் பற்றி விற்பனையாளர்கள் சொல்வதில் பெரும்பகுதியை நான் நம்புவதில்லை. ஷிடாகேயின் லெண்டினானையும் வான்கோழிவால் காளானின் பிஎஸ்கேயையும் ஜப்பான் புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் துணை மருந்தாக அனுமதித்தது. துணையாக மட்டும், பிரித்தெடுத்த வடிவில் மட்டும். லெண்டினானை ஊசியாகத்தான் போட்டார்கள். காளான் பொடி அடைத்த கேப்ஸ்யூலுக்கு அந்தப் பெருமையைக் கடன் கொடுக்க முடியாது. காட்டில் காளான் பறிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அமானிட்டா ஃபாலாய்டஸ் என்ற மரணத்தொப்பிக் காளானைச் சமைத்தாலும் நஞ்சு போகாது. ஆறு மணி நேரத்துக்குமேல் ஒன்றும் தெரியாது. பிறகு வாந்தி பேதி, பிறகு தேறியதுபோல் ஓர் இடைவெளி, அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். இதற்கு ஐரோப்பாவில் கொடுக்கும் ஊசிமருந்துகளில் ஒன்றான சிலிபினின் பால்நெருஞ்சில் செடியிலிருந்து வருவது.

செடியும் பூஞ்சையும் சேர்ந்து ஒரு மருந்தைச் செய்த கதையும் உண்டு. 1920-களில் அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் மாடுகள் காரணம் தெரியாமல் ரத்தம் கசிந்து செத்தன. கொம்பை வெட்டினால்கூட ரத்தம் நிற்கவில்லை. ஈரத்தில் கெட்டுப்போன ஸ்வீட் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகளுக்குத்தான் இப்படி ஆகிறது என்று ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் என்ற கால்நடை மருத்துவர் கண்டுபிடித்தார். 1933-ல் விஸ்கான்சினில் ஒரு விவசாயி, செத்த கன்றோடும் உறையாத ரத்தம் நிரம்பிய பால்கேனோடும் கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கே வந்து நின்றார். நல்ல தீவனத்தில் இருக்கும் கூமரின் மாட்டை ஒன்றும் செய்யாது. பூஞ்சை வளர்ந்து அதை மாற்றும்போது டைகூமரால் உண்டாகிறது; உறைதலுக்குத் தேவையான வைட்டமின் கேயின் வேலையை அது முடக்குகிறது. லிங்க் குழு அதைப் பிரித்து, அதன் வழியில் வார்ஃபரினைச் செய்தது. 1948-ல் எலி மருந்தாக வந்தது, 1954-ல் மனிதர்களுக்கு. எலியைக் கொல்வதும் பக்கவாதம் வராமல் ஒருவரைக் காப்பதும் ஒரே பொருள். நடுவில் இருப்பது ரத்தப் பரிசோதனை ஒன்றுதான். வார்ஃபரின் எடுப்பவர்கள், ரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் என்ற அளவைப் பார்த்துப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் வைத்துக்கொள்வது அதற்காகத்தான்.

தேடியது ஒன்று, கிடைத்தது வேறு என்பதும் இந்தத் துறையில் வழக்கம். நித்தியகல்யாணி இலை சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையில் ஜமைக்காவிலிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிகளில் பார்த்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளையணுக்கள் சரிந்தன. வெள்ளையணு கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்க்கு இது உதவுமே என்று அவர்கள் நினைத்ததில் 1958-ல் வின்பிளாஸ்டின் கிடைத்தது, தொடர்ந்து வின்கிறிஸ்டின் வந்தது. இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கான கூட்டுமருந்துகளில் அது இருக்கிறது. ரத்தக்குழாய் (சிரை) வழியாக மட்டும் ஏற்றும் மருந்து. இலையில் இருப்பதோ மிகச் சொற்பம். சர்க்கரைக்காக அந்த இலையை மென்றுகொண்டிருப்பவர்கள் யோசிக்க வேண்டிய செய்தி இது.

அப்படியே பயன்படுத்தக்கூடியவை எவை என்று கேட்டீர்கள் அல்லவா? இருக்கின்றன, நல்ல ஆதாரத்தோடு. மலச்சிக்கலுக்கு இசப்கோல் உமி. நீரை இழுத்துப் பருத்துக் குடலை நகர்த்துகிறது, கெட்ட கொழுப்பையும் கொஞ்சம் குறைக்கிறது. தண்ணீர் போதாமல் சாப்பிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். நிலாவாரை இலையும் உதவும். அதிலுள்ள பொருளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் மாற்றிய பிறகே வேலை தொடங்குவதால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் இரவில் எடுக்கச் சொல்கிறார்கள். எரிச்சல் குடல் நோயின் வயிற்று வலிக்குப் புதினா வகை எண்ணெயைக் குடலில் கரையும் கேப்ஸ்யூலாக எடுப்பது பலருக்குப் பலன் தருகிறது. கவனித்தால் இவையெல்லாம் குடலுக்குள்ளேயே வேலை செய்பவை, அளவில் சற்று முன்பின் ஆனாலும் பெரிய ஆபத்தில்லாதவை.

மஞ்சளைப் பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். குர்குமின் ஆய்வகத் தட்டில் எல்லாவற்றையும் செய்யும். வாயால் சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறவே மாட்டேன் என்கிறது. மிளகின் பைப்பரினைச் சேர்த்தால் ஏறுகிறது. அப்படி உறிஞ்சுதலைக் கூட்டிய செறிவு மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததாகவும் பதிவுகள் உள்ளன. சமையல் மஞ்சளையும் செறிவூட்டிய மாத்திரையையும் ஒன்றாக நினைக்க வேண்டாம்.

கடைசியாக ஆபத்துகளில் அதிகம் பேசப்படாத இரண்டு. ஒன்று, மற்ற மருந்துகளோடு மோதல். மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கல்லீரலின் சிஒய்பி3ஏ4 நொதியைப் பெருக்கும். அந்த நொதி பல மருந்துகளை உடைத்து வெளியேற்றுவது. ஆகவே கருத்தடை மாத்திரையின் பலன் குறையும். இதயம் மாற்றிக்கொண்டவர்களில் சைக்ளோஸ்போரின் அளவு சரிந்து, உடல் புது இதயத்தை நிராகரிக்கத் தொடங்கிய நிகழ்வுகள் 2000-லேயே வெளிவந்தன. கிரேப்ஃப்ரூட் சாறு அதே நொதியைக் குடலில் முடக்கி, சில மருந்துகளை ரத்தத்தில் ஏற்றிவிடும். அதிமதுரத்தைத் தொடர்ந்து நிறைய எடுத்தால் பொட்டாசியம் இறங்கி ரத்த அழுத்தம் ஏறும்.

இரண்டாவது, ஆள்மாறாட்டம். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகைக் கேப்ஸ்யூல் எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் முழுதாகச் செயலிழந்தது. ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்திருந்தது. அதன் அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பதோடு சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்குகிறது. சிலருக்கு ஆண்டுகள் கழித்து அது வந்தது. ஆடுதீண்டாப்பாளையும் ஈசுவரமூலியும் இதே பேரினத்தைச் சேர்ந்தவை. உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள்.

ஏதாவது ஒரு மூலிகையை எடுக்க முடிவு செய்திருந்தால், அதன் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, ஒரு வேளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பவை புட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்க வேண்டாம். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கல்லீரல் அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், வார்ஃபரின், டிகாக்சின், வலிப்பு மருந்து, உறுப்பு மாற்று மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் தொடங்கவே கூடாது. அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஏனென்றால் பூண்டு, ஜின்கோ செறிவுகள் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். சாப்பிடத் தொடங்கிய பிறகு கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், காரணமில்லாமல் அரித்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு அந்தப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உள்ளே என்ன இருந்தது என்று சோதித்துப் பார்க்க அது தேவைப்படும்.